கோவையின் பழைய தடங்கள் – 9: குதிரைகள் ஓடிய வட்டம்

சென்ற இதழில் 1888-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்டேன்ஸ் பஞ்சாலையின் சரித்திரத்தைப் பார்த்தோம். இந்த வாரம், வெள்ளைக்காரத் துரைமார்கள் குதிரைப் பந்தயம் நடத்திய மைதானத்துக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ‘ரேஸ் கோர்ஸ்’ என்ற பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் நம்மில், அங்கே ஓடிய குதிரையொன்றைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர்.

பந்தயத் தடத்தின் போக்கை ஒட்டியே சாலை வளைந்து அமைந்தபடியால், குதிரைகள் போய்ப் பல தலைமுறைகள் கழிந்த பின்னரும், சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்று நகரத்தின் நடுவே நிலைத்திருக்கிறது. மார்கழி விடியலில் அங்கே சென்றால், தலையில் மப்ளர் சுற்றிய பெரியவர்களும், புடைவையோடு கேன்வாஸ் ஷூ அணிந்த தாய்மார்களும், மரநிழலில் அருகம்புல் சாறு விற்போரும் நிறைந்திருப்பதைக் காணலாம். “ரெண்டு ரவுண்டு போயிட்டு வந்தர்றனுங்க” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறவர்களுக்குத் தடையுமில்லை, கட்டணமுமில்லை.

ஆயினும் எஞ்சியது விளிம்பு மாத்திரமே. 1872-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆல் சோல்ஸ் தேவாலயத்தையும் அதிகாரிகளின் வாசஸ்தலங்களையும் தொடர்ந்து, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகிய காலத்தில் ஆலை அதிபர்களின் பங்களாக்களும், பின்னர் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் அப்பிரதேசத்தை நிறைத்துவிட்டன.

இவ்விடத்தில் கொழும்பு காலிமுகத் திடல் என் நினைவுக்கு வருகிறது. அங்கும் முதலில் குதிரைப் பந்தயம் நடந்தது. 1879-இல் தோன்றிய கொழும்பு கோல்ப் கிளப்பினர் அத்திடலிலேயே பந்தடித்தார்கள். குதிரைகள் 1893-இல் கறுவாத் தோட்டத்துக்குப் போயின. கோல்ப் 1896-இல் பொரளைப் பக்கத்து ரிட்ஜ்வே மைதானத்துக்கு மாறியது. (அங்கே களனிவெளி ரயில் பாதை புல்வெளியின் ஊடே செல்வதால், இன்றும் ரயில் வரும்போது ஆட்டம் சற்று நிற்கும்.) விளையாட்டுகள் இரண்டும் நீங்கின, திடலோ ஜனங்களுக்கே நின்றது. கடலோர நடைபாதையை 1859-இல் நிறைவேற்றிய கவர்னர் ஸர் ஹென்றி வார்டு, கொழும்பு நகரத்துப் பெண்களின் நன்மையையும் குழந்தைகளின் நன்மையையும் முன்னிட்டுத் தமக்குப் பின் வருவோர் அதைப் பேணவேண்டும் என்று அங்கே ஒரு கல்லில் பொறித்து வைத்தார். ஆட்சியாளர் பலர் மாறியும் அவ்வேண்டுகோள் இன்னும் அங்கே படிக்கக் கிடைக்கிறது.

அத்தகைய கல்லொன்று நம் ரேஸ் கோர்ஸுக்கும் வேண்டும். அலங்கார விளக்குகளுக்கும் நடைபாதைகளுக்கும் பெரும் பொருள் செலவிட்ட மாநகராட்சியார், இந்த வட்டம் எவ்வாறு உண்டாயிற்று என்பதையும், இனி ஓரடி நிலமும் இதிலிருந்து குறையலாகாது என்பதையும் தமிழில் பொறித்து, நடப்போர் கண்ணில் படும்படி நாட்டுவார்களாக.

(தொடரும்)