மெஜஸ்டிக் திரையரங்குகளும் ஓசூர் எல்லைப் பகுதி ரசிகர்களும்

ஓசூர் பேருந்து நிலையத்தில் பெங்களூரு செல்லும் பேருந்தின் நடத்துநர் "மெஜஸ்டிக், மெஜஸ்டிக்" என்று கூவி அழைப்பது அன்றாடக் காட்சி. பயணிகளில் பெரும்பாலோர் அதை ஒரு பேருந்து நிலையத்தின் பெயராகவே அறிவர். உண்மையில் அது ஒரு திரையரங்கின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெங்களூரில் எழுந்த மெஜஸ்டிக் திரையரங்கம் தன்னைச் சுற்றியிருந்த வட்டாரம் முழுவதற்கும் பெயர் தந்தது. அரங்கம் மறைந்த பிறகும் பெயர் மறையவில்லை.

இவ்வட்டாரத்தில் இருந்த பெரிய திரையரங்குகள், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி மக்கள் அங்கே சென்று படம் பார்த்த வழக்கம், அந்த அரங்குகள் மறைந்ததற்கான காரணங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடம்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். ஜூஜூவாடியில் மாநில எல்லையைக் கடந்து அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மனஹள்ளி, மடிவாளா வழியாகப் பேருந்துகள் செல்கின்றன. தருமாம்புதி என்னும் பழைய ஏரி இருந்த இடத்தில்தான் இன்றைய கெம்பேகௌடா பேருந்து நிலையம் அமைந்துள்ளது. அதற்கு அருகிலுள்ள கெம்பேகௌடா சாலையும் காந்திநகரும் ஒருகாலத்தில் திரையரங்குகளால் நிறைந்திருந்தன. மெஜஸ்டிக், சாகர், கீதா, ஹிமாலயா, அலங்கார், கல்பனா, திரிவேணி, மேனகா, அபிநய், அனுபமா, சந்தோஷ், நர்த்தகி, சப்னா, கபாலி எனப் பல அரங்குகள் நடந்து செல்லும் தொலைவுக்குள் இருந்தன. ஓர் அரங்கில் "ஹவுஸ்ஃபுல்" பலகை தொங்கினால் அடுத்த அரங்குக்கு நடந்துவிடலாம். ஊரிலிருந்து வந்தவர் படம் பார்க்காமல் திரும்ப வேண்டிய நிலை அரிது.

கபாலி திரையரங்கம்

இவற்றுள் பிரம்மாண்டத்துக்குப் பெயர்பெற்றது கபாலி. 1968இல் அப்போதைய துணைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனைத் திறந்துவைத்தார். 1,400க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட இவ்வரங்கம் சினிரமா முறைக்கு ஏற்பக் கட்டப்பட்டது.

சினிரமா என்பது அகன்ற, வளைந்த திரையில் படம் காட்டும் முறை. 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் இது அறிமுகமானது. தொடக்கத்தில் மூன்று ஒளிப்படக் கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கி, திரையின் மூன்று பகுதிகளில் படத்தை வீழ்த்தின. திரை ஏறத்தாழ 146 பாகை வளைந்திருந்ததால், பார்ப்பவரின் ஓரப்பார்வையும் காட்சியால் நிரம்பியது. ஒலி ஏழு தடங்களில் பல திசைகளிலிருந்து வந்தது. மூன்று கருவிகளையும் இசைவாக இயக்குவது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்ததால், 1963 முதல் 70 மி.மீ. படச்சுருளை ஒரே கருவியில் ஓட்டும் முறை வந்தது. பந்தயக் கார் நேராகத் தன்மீது பாய்வதுபோல் தோன்றியது என்று மூத்த ரசிகர்கள் இத்தகைய அரங்குகளைப் பற்றிக் கூறுவது வெறும் மிகையன்று. அவ்வாறு தோன்றச் செய்வதே அந்த வளைந்த திரையின் நோக்கம்.

ஓசூர் மக்கள் ஏன் அங்கே சென்றனர்?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் திரையரங்குகள் இருந்தன. கிராமங்களில் டூரிங் டாக்கீஸ்களும் இருந்தன. ஆயினும் பெங்களூரு செல்ல மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது, படப்பிரதிகளின் எண்ணிக்கை. ஒரு 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி நீளம் ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல் படச்சுருள் தேவை. ஒவ்வொரு பிரதிக்கும் செலவு அதிகம். ஆகவே குறைந்த பிரதிகளே அச்சிடப்பட்டுப் பெருநகரங்களில் முதலில் ஓடின. சிற்றூர்களுக்கு அவை வரும்போது சில வாரங்களோ மாதங்களோ கழிந்திருக்கும். படச்சுருளில் கோடுகளும் விழுந்திருக்கும்.

இரண்டாவது, மொழி. ஓசூர் வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது ஆகியனவும் வீட்டுமொழிகள். மெஜஸ்டிக் பகுதியில் இம்மொழிகளின் படங்களோடு இந்தி, ஆங்கிலப் படங்களும் பக்கத்துப் பக்கத்து அரங்குகளில் ஓடின.

மூன்றாவது, தொழில். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய தொழிற்சாலைகள் வந்தன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து அறையெடுத்துத் தங்கினர். வார விடுமுறையில் கையில் சிறிது பணத்தோடு பேருந்து ஏறி, ஒரு படம், ஒரு சாப்பாடு, கடைவீதியில் ஒரு நடை என்று பொழுதைக் கழித்துத் திரும்புவது அவர்களுக்குக் கிடைத்த மலிவான மகிழ்ச்சி.

ரசிகர்களின் நினைவுகள்

அக்கால ரசிகர்கள் நினைவுகூர்பவற்றில் படத்தின் கதையைவிட அரங்கமே முன்னிற்கிறது. கம்பித் தடுப்புக்குள் நெருக்கியடித்து நின்ற வரிசை, கைமட்டும் நுழையும் டிக்கெட் ஜன்னல், பிளாக்கில் விற்றவரின் தாழ்ந்த குரல், டார்ச் விளக்கோடு இருக்கை காட்டிய பணியாளர், மணியோசையோடு மெல்ல விலகிய திரைச்சீலை, இடைவேளைத் தேநீர் ஆகியவற்றை அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வர். கெம்பேகௌடா சாலையில் மாலைகளோடு நின்ற உயரமான கட்-அவுட்களைப் பார்ப்பதே ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு காட்சி. இரண்டாம் ஆட்டம் முடிந்து கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, விடியும்வரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்த அனுபவமும் பலருக்கு உண்டு.

எல்லையும் திரையும்

இந்த நினைவுகளில் இனிமை மட்டும் இல்லை. 1950, 60களில் பெங்களூரு அரங்குகளில் தமிழ், இந்திப் படங்களே மிகுதியாக ஓடின. கன்னடப் படங்களுக்குத் தங்கள் தலைநகரிலேயே போதிய அரங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை எழுந்தது. எழுத்தாளர் அ.ந.கிருஷ்ணராவ் போன்றோர் கன்னடத்துக்குரிய இடத்தைக் கோரினர். பின்னர் 1991இல் காவிரிக் கலவரத்தின்போதும், 2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள்கள் காட்டில் இருந்தபோதும் பெங்களூரில் தமிழ்ப் படக் காட்சிகள் நின்றன. 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டச் சிக்கல் 'குசேலன்' படத்தின் வெளியீட்டையே பாதித்தது. பேருந்து எல்லையில் நின்றபோதெல்லாம் ரசிகரின் பயணமும் நின்றது.

ஆனால் திரையின் வரலாறு எல்லைக்கோட்டை மதித்ததில்லை. கன்னடத்தின் பெருநடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. தமிழின் பெருநடிகர் ரஜினிகாந்த் பிறந்ததும், பேருந்து நடத்துநராகப் பணிபுரிந்ததும் பெங்களூரில். அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊராகக் கருதப்படும் நாச்சிக்குப்பம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.

மறைந்ததற்கான காரணங்கள்

1980களில் வீடியோவும் 1990களில் கேபிள் தொலைக்காட்சியும் கூட்டத்தைக் குறைத்தன. 2004இல் ஓசூர் சாலையிலேயே, கோரமங்களாவில், போரம் வணிக வளாகமும் பல திரைகள் கொண்ட பிவிஆர் அரங்கமும் திறக்கப்பட்டன. பேருந்து மெஜஸ்டிக் சேரும் முன்பே இறங்கிப் படம் பார்க்க வழி பிறந்தது. அடுத்து வந்த எண்ணிமத் திரையிடல் படச்சுருளின் தேவையை ஒழித்தது. ஒரே நாளில் சென்னையிலும் ஓசூரிலும் புதுப்படம் வெளியாகும்போது 40 கிலோமீட்டர் பயணத்துக்குத் தேவை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நகர மையத்தில் நிலத்தின் விலை உயர்ந்தது. ஆயிரம் இருக்கைகளில் கால்வாசி நிரம்பும் அரங்கைவிட வணிக வளாகம் பலமடங்கு வருவாய் தரும். மெஜஸ்டிக், சாகர், அலங்கார் முதலியவை ஒவ்வொன்றாக மறைந்தன. கபாலி 2017இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. மதுரையில் 1952இல் 'பராசக்தி'யோடு தொடங்கி, 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளால் புகழ்பெற்ற தங்கம் திரையரங்கின் இடத்திலும் இன்று துணிக்கடையே உள்ளது.

இன்றைய நிலை

பயணத்தின் திசையும் இப்போது மாறியுள்ளது. தமிழ்நாட்டில் நுழைவுக்கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு உண்டு. பெங்களூரு மல்டிபிளெக்ஸ்களில் பெரிய படங்களின் முதல் நாள் கட்டணம் மிகவும் உயர்வதால், அங்குள்ள தமிழ் ரசிகர்கள் ஓசூருக்கு வந்து படம் பார்க்கின்றனர். 2023இல் 'ஜெயிலர்', 'லியோ' படங்களுக்குத் தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லாதபோது, இங்கிருந்து ரசிகர்கள் அதிகாலைக் காட்சிக்காகப் பெங்களூரு சென்றனர்.

பழைய அரங்குகள் தந்த ஒன்று மட்டும் திரும்பவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளியும் கடை முதலாளியும், தமிழரும் கன்னடரும், வெவ்வேறு கட்டண வகுப்புகளிலேனும் ஒரே கூரையின்கீழ் ஆயிரம் பேராக அமர்ந்து ஒரே இடத்தில் சிரித்தனர். இக்கூட்ட அனுபவத்தைப் பதிவுசெய்த ஆவணங்கள் குறைவு. டிக்கெட் துண்டுகள், பழைய சுவரொட்டிகள், மூத்தோரின் வாய்மொழி ஆகியனவே மிஞ்சியுள்ளன. உள்ளூர் வரலாறு படிக்கும் மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றைக் கேட்டு எழுதிவைப்பது பயனுள்ள பணியாகும்.

பெங்களூரு மெட்ரோ நிறுவனம் இங்குள்ள நிலையத்துக்கு நாடபிரபு கெம்பேகௌடா என்று பெயரிட்டபோதும், அதன் இறுதியில் "மெஜஸ்டிக்" என்ற சொல்லையும் சேர்த்தே எழுதியுள்ளது.