ஒரு கைகுலுக்கலுக்கு 18 வருஷம்!

1972 பிப்ரவரி 21. பீஜிங் விமான நிலையம். அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் படியிறங்கி வர்றார். கூட மனைவி பாட் மட்டும்தான். மத்த யாரும் விமானக் கதவைத் தாண்டக் கூடாதுனு கண்டிப்பான ஆர்டர்! கீழே காத்திருக்கும் சீனப் பிரதமர் சூ என்லாயோட அவர் கைகுலுக்கும் போட்டோவுல வேற எந்தத் தலையும் தெரியக் கூடாதாம்!

ஒரு ஹேண்ட்ஷேக்குக்கு இவ்ளோ பில்டப்பானு கேட்கறீங்களா? காரணம் இருக்கு பாஸ். 1954 ஜெனீவா மாநாட்டில் இதே சூ என்லாய்க்குக் கை கொடுக்க அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் மறுத்துட்டார் என்பது சீனாவோட நீண்ட நாள் மனத்தாங்கல். 1949-ல் கம்யூனிஸ்ட்டுகள் ஜெயிச்ச பிறகும், தைவானுக்குத் தப்பிப்போன பழைய அரசுதான் ‘சீனா’னு அமெரிக்கா அடம் பிடிச்சுக்கிட்டு இருந்த காலம் அது.

முறைச்சுக்கிட்டு இருந்தவங்களைப் பேச வெச்சதில் டேபிள் டென்னிஸுக்கும் பங்கு உண்டு. 1971 ஏப்ரலில் ஜப்பானின் நகோயாவில் உலகப் போட்டி. அமெரிக்க வீரர் க்ளென் கோவன் சீன டீமோட பஸ்ஸில் ஏறிட்டார். உள்ளே எல்லாரும் கப்சிப்! சீன சாம்பியன் சுவாங் ஸெடோங் மட்டும் எழுந்து வந்து பட்டுத்துணியில் நெய்த ஒரு படத்தைப் பரிசாகக் கொடுத்தார். சில நாளில் அமெரிக்க டீமுக்கே சீனாவில் இருந்து அழைப்பு. ஜூலையில் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர், பாகிஸ்தான் போன இடத்தில் ‘வயிறு சரியில்லை’னு சொல்லிட்டு ரகசியமா பீஜிங் பறந்தார்.

கேட்க செம த்ரில்லிங்கா இருக்குல்ல? ஆனா, தூது போனது பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். அப்போ அவரோட ராணுவம் கிழக்கு பாகிஸ்தானில் மக்களைக் கொன்னு குவிச்சுக்கிட்டு இருந்தது. நிக்சன் வாயே திறக்கலை. எதிர்த்துத் தந்தி அடிச்ச டாக்கா தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டுக்குக் கிடைச்சது இடமாற்றம். பீஜிங் போட்டோவில் இந்தக் கணக்கு மட்டும் தெரியாது!

அந்த ஒரு வாரத்தில் உலகம் டி.வி-யில் பார்த்தது விருந்தும் பெருஞ்சுவரும். ரெண்டு பாண்டாக்களும் பரிசாகக் கிடைச்சு, ஏப்ரலில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. நிஜமான வேலை நடந்தது ஓர் அறிக்கையில். பிப்ரவரி 28 அன்று வெளியான ‘ஷாங்காய் அறிக்கை’யில், ஒத்துப்போகாத விஷயங்களை ரெண்டு தரப்பும் தனித்தனியா அவங்கவங்க பாணியில் எழுதிக்கிட்டாங்க. சூ என்லாயோட ஐடியா! பூசி மெழுகறதைவிட இது எவ்வளவோ நேர்மை.

சிக்கல், தைவான் பாராவில். ‘சீனா ஒன்றுதான், தைவான் அதில் ஒரு பகுதி என்று ஜலசந்தியின் இரு கரையிலும் உள்ள சீனர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்’ என்பதை அமெரிக்கா ‘அக்னாலெட்ஜ்’ பண்ணுதாம். அதாவது, நீங்க சொல்றது காதில் விழுந்தது. ஒப்புக்கிட்டாங்களா? அதுதான் இல்லை! பேரிங்கும் ஷாஃப்ட்டும் இழையளவு இடைவெளி விட்டாத்தான் சுத்தும், இறுக்கினா சிக்கிக்கும்னு மெக்கானிக்கல் பசங்களைக் கேட்டா சொல்வாங்க. இந்த வார்த்தை அந்த இடைவெளி.

1979 ஜனவரி 1-ல் முறைப்படி தூதரக உறவு தொடங்கினப்ப ஆங்கிலத்தில் அதே ‘அக்னாலெட்ஜ்’தான். ஆனா, சீன மொழி அறிக்கையில் 1972-ல் ‘அறிந்திருக்கிறது’ என்ற அர்த்தத்தில் இருந்த சொல், ‘ஏற்கிறது’ என்ற அர்த்தம் தரும் சொல்லாக மாறிடுச்சு. எங்களுக்கு ஆங்கிலப் பிரதிதான் கணக்குனு அமெரிக்கா சொல்லிடுச்சு. அதே ஏப்ரலில், தைவானுக்குத் தற்காப்பு ஆயுதம் தர வழி செய்யும் சட்டத்தையும் கொண்டுவந்தாங்க. இன்னிக்கும் ஒவ்வொரு உரசலின்போதும் இந்த வாக்கியத்தைத்தான் தூசி தட்டறாங்க.

எனக்கு உறுத்தறது வேற. ‘இரு கரையிலும் உள்ள சீனர்கள் எல்லோரும்’னு எழுதினாங்களே... தைவான் மக்களை யார் கேட்டது? அங்கே 1949-ல் வந்த ராணுவச் சட்டம் 1987-ல்தான் விலகியது. அதிபரை அவங்க நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது, முதல்முறையா 1996-ல்!