அயலகப் பணியொப்படைப்பும் அமெரிக்க மென்பொருள் பணியாளர் காப்பும்

தகவல் தொழில்நுட்பப் பணிகளைக் குறைந்த ஊதியம் நிலவும் நாடுகளுக்கு மாற்றிச் செலவைக் குறைத்தல் அயலகப் பணியொப்படைப்பு எனப்படும். இதனால் வேலையிழந்த அமெரிக்கப் பணியாளர்களை அந்நாட்டுச் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் வடிவமைப்பு மையம் ஒன்றை நிறுவிப் பின்னர் அதனைச் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவுடன் இணைத்தது. நிரல் எழுதுவோர் கடல் கடவாமலே அவர்தம் நிரல் கடல் கடக்கலாயிற்று. சுங்கச்சாவடியைக் காணாது எல்லை கடக்கும் இத்தன்மையே பின்னாளில் சட்டச் சிக்கலுக்கு வித்திட்டது.

வெளிநாட்டு வணிகத்தால் வேலையிழப்போர்க்குப் பயிற்சியும் உதவித்தொகையும் வழங்கும் திட்டம் அமெரிக்காவில் 1962இல் தோன்றியது. ‘பொருள்’ உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் பணியாளர்களை முன்னிறுத்தியே அதன் விதிகள் அமைந்தன. எனவே ஆலை இடம்பெயர்ந்தபோது நெசவுத் தொழிலாளர் உதவி பெற முடிந்தது. நிரலாளர் பலரின் விண்ணப்பங்களோ, அவர்கள் பொருள் எதனையும் உற்பத்தி செய்யவில்லை எனத் தள்ளப்பட்டன. 2006இல் தொழிலாளர் துறை மென்பொருளையும் பொருளாக ஏற்றது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சேவைத் துறையினரையும் உள்ளடக்கியது. அதன்பின் சுருங்கியும் விரிந்தும் வந்த அத்திட்டத்தின் கீழ்ப் புதிய தகுதிச் சான்று வழங்குதல் 2022 ஜூலையில் நின்றுபோயிற்று.

பணியொப்படைப்பால் விளையும் சேமிப்பு நிறுவனத்தைச் சேர்கிறது. இழப்பு பணியாளரைச் சேர்கிறது. அவ்விழப்புக்கு ஈடு உண்டா இல்லையா என்பது, உழைப்பின் விளைவு கையால் தொடத்தக்கதா என்பதைச் சார்ந்திருத்தல் பொருந்தாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.