சூறை விட்ட பழமும் ஃபாரத்தில் வந்த தகவலும்



கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று எங்கள் ஊரில் பலரும் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சேவுகம்பட்டியில் எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே நான் எழுதிய புரோகிராமையும் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். அந்தப் புரோகிராம்தான் ஒருநாள் பணம் கட்டிய ஒரு அக்காவைக் கட்டாதவர் என்று சொல்லிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மகளிர் குழுவும் என் ஃபாரமும்

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் துவங்கின என்பது பலருக்கும் தெரிந்ததே. இன்று குழு இல்லாத ஊர் இல்லை எனலாம். என் அம்மாவும் ஒரு குழுவில் இருக்கிறார். மொத்தம் 12 பேர். வாரச் சேமிப்பு ஆளுக்கு 50 ரூபாய். கடன் வாங்கியவர்கள் தவணையும் கட்ட வேண்டும்.

என் மினி புராஜெக்டுக்கு இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். ஜாவாவில் ஒரு வெப் ஃபாரம். 12 பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தவணைத் தொகை எழுத ஒரு பெட்டி, சேமிப்பு கட்டினால் டிக் போட ஒரு செக்பாக்ஸ். ஊக்குநர் அக்காவின் நோட்டைப் பார்த்து லேபில் என்ட்ரி போட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவேன்.

சர்வருக்கு வருவது வெறும் எழுத்துதான்

ஃபாரத்தில் நாம் எதை நிரப்பினாலும், அனுப்பு என்று அமுக்கியதும் பிரவுசர் அதை ஒரே நீண்ட எழுத்துச் சரமாக்கி அனுப்புகிறது. உதாரணமாக:

தவணை=200&தவணை=&தவணை=150&கட்டினார்=ஆம்&கட்டினார்=ஆம்

இதில் 200 என்பது எண் அல்ல. இரண்டு, பூஜ்யம், பூஜ்யம் என்ற மூன்று எழுத்துக்கள், அவ்வளவுதான். ஜாவாவில் இந்த 200-ஐயும் 150-ஐயும் அப்படியே கூட்டினால் 350 வராது, 200150 என்று ஒட்டிக்கொண்டு வரும்! எனவே சர்வரில் நாம்தான் அதை இன்டிஜர் ஆக்க வேண்டும். அதற்கு 'பார்ஸ்இன்ட்' இருக்கிறது. ஆனால் பெட்டி காலியாக இருந்தாலும், எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தாலும், 1,000 என்று நடுவில் கமா போட்டாலும் அது பிழை சொல்லும். அதனால் முதலில் இடைவெளியை வெட்ட வேண்டும். காலி என்றால் என்ன செய்வது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும்.

எண் மாதிரி தெரிவதெல்லாம் எண்ணும் அல்ல. நம் நாட்டு மொபைல் நம்பர்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஜாவா இன்டிஜர் கொள்ளும் பெரிய எண் 2147483647. ஆக ஒரு மொபைல் நம்பர்கூட அதில் அடங்காது. திண்டுக்கல்லின் எஸ்.டி.டி. கோடு 0451. அதை இன்டிஜர் ஆக்கினால் முன்னாலுள்ள பூஜ்யம் போய்விடும். கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாகவே வைத்துக்கொள்வது நல்லது. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். நான் சறுக்கியது வேறு இடத்தில்.

சொல்லாமல் விட்ட பெட்டி

ஒரே பெயரில் பல மதிப்புகள் வந்தால் 'கெட்பாராமீட்டர்வேல்யூஸ்' அவற்றை ஒரு அரேயாகக் கொடுக்கும். தவணைக்கு ஒரு அரே, செக்பாக்ஸுக்கு ஒரு அரே. முதல் அரேயின் நான்காவதும் இரண்டாவது அரேயின் நான்காவதும் ஒரே ஆளுக்குரியவை என்று நினைத்து லூப் எழுதினேன்.

இங்கேதான் ஒரு முக்கியமான விதி இருக்கிறது நண்பர்களே. எழுதும் பெட்டி காலியாக இருந்தாலும் அதன் பெயர் சர்வருக்கு வந்துவிடும். டிக் போடாத செக்பாக்ஸோ வரவே வராது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 விதிகளிலேயே இது உண்டு. ஆக, 12 பேரில் ஒருவர் கட்டவில்லை என்றால், தவணை அரேயில் 12 இருக்கும், செக்பாக்ஸ் அரேயில் 11 தான் இருக்கும்.

எங்கள் ஊர் சோலைமலை அழகர் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறை விடுவார்கள். கூடை கூடையாக வந்த பழங்கள் மேலிருந்து விழும்போது, எது யார் கூடையில் இருந்தது என்று சொல்ல முடியுமா? அந்த 11 'ஆம்'களும் அப்படித்தான். எது யாருடையது என்ற அடையாளமே அவற்றில் இல்லை.

லூப் பன்னிரண்டாவது ஆளுக்குப் போனதும் புரோகிராம் நின்றுவிட்டது. அரேயின் எல்லையைத் தாண்டிவிட்டாய் என்று பிழை காட்டியது. அது எனக்குக் கொடுத்த எச்சரிக்கை. நானோ அரேயின் நீளத்தைப் பார்க்கும் ஒரு 'இஃப்' போட்டு அதன் வாயை அடைத்துவிட்டேன். பிரிண்ட் அழகாக வந்தது.

கூட்டத்தில் நடந்தது

அந்த வாரம் கட்டாதவர் பட்டியலில் நான்காவது ஆள். பிரிண்டில் கட்டாதவராக வந்ததோ பன்னிரண்டாவது ஆள். "ஏப்பா தம்பி, முதல் ஆளா நான்தானே பணத்தை வச்சேன். நான் கட்டலைன்னு போட்டிருக்கே?" என்று அந்த அக்கா கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. "கம்ப்யூட்டர்ல வந்திருக்கேக்கா" என்றார் ஒருவர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த நான்காவது ஆள் வேறு யாருமில்லை, என் அம்மாதான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது மனப்பாடம். அவரே எழுந்து, "அவ கட்டிட்டா. கட்டாதது நான். இவனுக்குப் பரீட்சை பீஸ் கட்டிட்டேன், அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்" என்று சொன்னார். பெற்ற தாயைக் காப்பாற்ற மகன் கணக்கை மாற்றினான் என்ற பேச்சு வராமல் போனது அம்மாவின் வாயால்தான்.

திருத்திய விதம்

மறுநாள் லேபில் செய்த மாற்றங்கள் இவை.

ஒன்று: ஒவ்வொரு செக்பாக்ஸின் மதிப்பும் 'ஆம்' என்பதற்குப் பதில் உறுப்பினர் எண். இப்போது 1, 2, 3, 5 என்று வந்தால் நான்காம் எண் இல்லை என்பது தெளிவு. இவற்றை இன்டிஜராக்கி ஒரு செட்டில் போட்டுவிட்டால், வரிசை பற்றிய கவலையே இல்லை. யாருமே கட்டவில்லை என்றால் அரேக்குப் பதில் 'நல்' வரும். அதற்குக் காலி செட்.

இரண்டு: தவணைப் பெட்டிகளுக்கு தவணை1, தவணை2 என்று தனித்தனிப் பெயர்.

மூன்று: எண், தவணை, கட்டினாரா என்ற மூன்றும் கொண்ட ஒரு கிளாஸ். அதன் லிஸ்ட் ஒன்று. அந்த லிஸ்டை ஃபாரத்தில் வந்ததை எண்ணித் தயாரிப்பதில்லை. டேட்டாபேஸில் உள்ள 12 பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் என்ன வந்திருக்கிறது என்று தேடுகிறேன். பட்டியலில் இல்லாத எண் வந்தால் சேர்ப்பதில்லை.

நான்கு: அந்த 'இஃப்'பை எடுத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பிரிண்டை நானே உரக்க வாசித்தேன். அம்மா பெயருக்கு எதிரே "பழைய பாக்கி 50 வரவு" என்று இருந்தது. அந்த அக்கா, "என் பேரை இன்னொரு தடவை வாசிப்பா" என்றார். வாசித்தேன்.

ஆகவே நண்பர்களே, புராஜெக்டில் பிழை வந்தால் அதை மூடி மறைக்க அவசரப்படாதீர்கள். ஃபாரத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்து, சர்வரில் அவருக்குரியதை அவரிடமே சேர்த்துவிடுங்கள்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு