கால் அங்குலத் தையல்

கால் அங்குலத் தையல் என்பது, குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைக்கான துணித் துண்டுகளை இணைக்கும்போது பின்பற்றப்படும் தையல் அளவு ஆகும். துணியின் வெட்டிய ஓரத்துக்கும் தையல் கோட்டுக்கும் இடையே 1/4 அங்குலம் (6.35 மிமீ) விடப்படுகிறது. இவ்வாறு விடப்படும் பகுதி இக்கட்டுரையில் தையலோரம் எனக் குறிப்பிடப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் வெளியாகும் குவில்ட் வடிவமைப்புகள் பெரும்பாலும் இவ்வளவையே அடிப்படையாகக் கொண்டவை.

பின்னணி

கையால் இணைக்கும் முறையில், தையல் கோடு துணியின் பின்புறத்தில் பென்சிலால் வரையப்படும். ஊசி அக்கோட்டின் மீதே செல்வதால், தையலோரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பாதிப்பில்லை. தையல் இயந்திரத்தில் தைக்கும்போது பொதுவாகக் கோடு வரையப்படுவதில்லை. வெட்டிய ஓரமே வழிகாட்டியாகிறது. 1979 இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சுழல் கத்தியை அறிமுகப்படுத்திய பின்னர், பல அடுக்குத் துணிகளை அளவுகோலை ஒட்டிச் சீராக வெட்டுவது எளிதாயிற்று. வெட்டு சரியாக இருந்தாலும், தையலோரம் மாறினால் கட்டத்தின் அளவு மாறிவிடும்.

பிழை பெருகும் விதம்

எல்லாத் தையல்களிலும் ஒரே அளவு பிழை இருந்தால் தீங்கில்லை என்று கருதப்படுவதுண்டு. இது எப்போதும் பொருந்தாது. பிழையானது கட்டத்தின் அளவைப் பொறுத்ததன்று. அதிலுள்ள தையல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

எடுத்துக்காட்டாக, 6 1/2 அங்குலக் கட்டம் ஒன்றை இரு வகையில் அமைக்கலாம்.

* நான்கு துண்டுக் கட்டம்: ஒரு வரிசையில் 3 1/2 அங்குலச் சதுரங்கள் 2, தையல் 1.
* ஒன்பது துண்டுக் கட்டம்: ஒரு வரிசையில் 2 1/2 அங்குலச் சதுரங்கள் 3; தையல்கள் 2.

தையலோரம் 1/16 அங்குலம் மிகுந்தால், அது இரு துண்டுகளிலும் குறைவதால் ஒவ்வொரு தையலிலும் 1/8 அங்குலம் இழக்கப்படுகிறது. அப்போது முதற்கட்டம் 6 3/8 அங்குலமாகவும், இரண்டாவது 6 1/4 அங்குலமாகவும் அமையும். இவற்றை அடுத்தடுத்து இணைத்தால் மூலைகள் பொருந்தா. துணி சுருங்கும் அல்லது இழுபடும். 16 சதுரங்கள் கொண்ட வரிசையில் 15 தையல்கள் உள்ளதால், இதே பிழை 1 7/8 அங்குலமாகப் பெருகும். கணக்கிட்டு வெட்டிய ஓரப் பட்டை அவ்வரிசையைவிட அந்த அளவு நீண்டிருக்கும்.

மடிப்பின் பங்கு

தைத்த பின் தையலோரம் ஒருபுறமாக மடிக்கப்படுகிறது. அம்மடிப்பில் நூலின் தடிப்பும் துணியின் தடிப்பும் சிறிது அகலத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 1/4 அங்குலத்தைவிட ஓரிரு இழைகள் குறைவாகத் தைப்பது வழக்கம். தடித்த துணிக்கும் தடித்த நூலுக்கும் இக்குறைப்பு சற்றுக் கூடும்.

சோதித்தல்

இயந்திரத்தைச் சரிபார்க்க, 1 1/2 அங்குல அகலமுள்ள 3 பட்டைகளை நீளவாக்கில் இணைத்து மடிப்புகளை அழுத்த வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும், மொத்த அகலம் 3 1/2 அங்குலமும் இருத்தல் வேண்டும். நடுப்பட்டை குறுகியிருந்தால் தையலோரம் மிகுதி, அகன்றிருந்தால் குறைவு. இதற்கேற்ப ஊசியின் நிலையை மாற்றலாம். அல்லது ஊசித் தட்டின் மேல் தடித்த ஒட்டுநாடாவை ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் தொட்டவாறு செலுத்தலாம். தையற்கால் எனப்படும் அழுத்து பாதத்தின் விளிம்பை அளவாகக் கொள்ளும் முன் அதனையும் அளந்து பார்த்தல் நன்று.

அழுத்துதல்

சரியாகத் தைத்த துண்டும் இஸ்திரியின்போது உருக்குலையலாம். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கி வைத்து அழுத்த வேண்டும். மூலைவாட்டாக வெட்டிய ஓரங்கள் எளிதில் இழுபடும் என்பதால் முக்கோணத் துண்டுகளில் இது முக்கியமானது. அடுத்தடுத்த வரிசைகளின் தையலோரங்களை எதிரெதிர்த் திசைகளில் மடித்தால், சந்திப்புகளில் அவை ஒன்றோடொன்று பொருந்தி நகராமல் நிற்கும்.

விலக்குகள்

எல்லாக் குவில்ட்டுகளுக்கும் இவ்வளவு தேவையில்லை. அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் பகுதியைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களின் குவில்ட்டுகள், 2002 இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் பல, தைத்துக்கொண்டே வடிவம் அமைக்கும் முறையில் உருவானவை. எல்லாத் துண்டுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு வெட்டும் வடிவமைப்புகளிலேயே கால் அங்குலம் கட்டாயமாகிறது.