விமானத்தை வானில் தாங்குவது எது?

2001 ஆகஸ்ட் 24ஆம் திகதி. கனடாவின் டொரொன்டோ நகரிலிருந்து போர்த்துக்கலின் லிஸ்பன் நகருக்குப் புறப்பட்ட எயார் ட்ரான்சாட் நிறுவன விமானமொன்று, அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே பறந்துகொண்டிருந்தது. உள்ளே 306 பேர். எரிபொருட் குழாயில் ஏற்பட்ட கசிவினால் முதலில் ஓர் எஞ்சின் நின்றது. சிறிது நேரத்தில் மற்றதும் நின்றுவிட்டது. கீழே கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அந்த விமானம் கல்லைப் போல் விழவில்லை. ஏறத்தாழ 19 நிமிடங்கள் காற்றில் சறுக்கிவந்து அசோர்ஸ் தீவுகளில் தரையிறங்கியது. சிலர் காயமடைந்தனர், ஓர் உயிரும் போகவில்லை.

2009 ஜூன் 1ஆம் திகதி. பிரேஸிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த எயார் பிரான்ஸ் விமானம் அதே சமுத்திரத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 228 பேரும் மாண்டனர். அதன் இரண்டு எஞ்சின்களும் கடைசிவரை இயங்கிக்கொண்டே இருந்தன!

இரண்டுமே எயார்பஸ் ஏ 330 வகையைச் சேர்ந்தவை. எஞ்சின் நின்றது தப்பியது; எஞ்சின் ஓடியது வீழ்ந்தது. அப்படியானால் விமானத்தை வானில் தாங்கி நிற்பது எது? தொழிலுக்காகவும் உம்ரா, ஹஜ் கடமைகளுக்காகவும் நம்மில் எத்தனையோ பேர் விமானமேறுகிறோம். இதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லதல்லவா?

நான்கு விசைகள்

பறக்கும் விமானத்தின் மீது நான்கு விசைகள் செயற்படுகின்றன. நிறை அதைக் கீழே இழுக்கிறது. இறக்கையில் உண்டாகும் உயர்த்தும் விசை மேலே தூக்குகிறது. எஞ்சினின் உதைப்பு முன்னே தள்ளுகிறது. காற்றின் தடை பின்னே இழுக்கிறது. உயர்த்துவதும் முன்னே தள்ளுவதும் வெவ்வேறு வேலைகள், அவற்றை வெவ்வேறு உறுப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை 1799ஆம் ஆண்டிலேயே உணர்ந்தவர் இங்கிலாந்தின் ஜோர்ஜ் கேலி. அதற்கு முன்னர் பறக்க முயன்றோர் பலர் பறவையைப் போல் இறக்கையை அடித்தே இரண்டையும் செய்துவிடலாம் என எண்ணியிருந்தனர்.

ஆக, விமானத்தைத் தூக்குவது எஞ்சின் அல்ல, இறக்கை. எஞ்சின் செய்வதெல்லாம் இறக்கையின் மீது காற்று விரைந்து பாயும்படி விமானத்தை முன்னே செலுத்துவதுதான். எஞ்சின் நின்றால் விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்துவார். மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிளுக்கு மிதிக்காமலே வேகம் கிடைப்பதுபோல, உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு வேகத்தைப் பெற்றுக்கொள்ளலாம். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் பயணிகள் விமானம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தூரம் இவ்வாறு சறுக்கிச் செல்லக்கூடியது.

காற்றுக்கு அவ்வளவு பலமா?

எயார்பஸ் ஏ 320 விமானம் முழுச் சுமையுடன் ஏறத்தாழ 78 தொன் நிறையுடையது. அதன் இறக்கைகளின் பரப்பு சுமார் 122 சதுர மீற்றர். கணக்குப் பார்த்தால் ஒரு சதுர மீற்றர் இறக்கை சுமக்க வேண்டியது 640 கிலோகிராம் அளவே. கடல்மட்டத்தில் வளிமண்டலம் ஒவ்வொரு சதுர மீற்றரையும் பத்துத் தொன்னுக்கும் அதிகமான பாரத்துடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. இறக்கையின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் உள்ள அமுக்கத்துக்கிடையே நூற்றுக்கு ஆறு பங்கு வித்தியாசம் இருந்தாலே போதும், அத்தனை பெரிய விமானம் நிலத்தைவிட்டு எழும்பிவிடும்.

இந்த வித்தியாசம் எப்படி உண்டாகிறது? வளைந்த மேற்புறத்தில் காற்றுக்கு வழி நீளம், கீழே சென்ற காற்றைப் பின்விளிம்பில் சந்திப்பதற்காக அது வேகமாக ஓடுகிறது என்று பலர் படித்திருப்போம். இது தவறான விளக்கம். மேலால் செல்லும் காற்று உண்மையில் கீழ்க்காற்றுக்கு முன்னதாகவே பின்விளிம்பை அடைந்துவிடுகிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமென்று எந்த விதியும் கிடையாது. இறக்கை தன் சரிவினாலும் வளைவினாலும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றை இறக்கை கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தடித்த மட்டையொன்றை மேசை மின்விசிறியின் முன்னே கிடையாகப் பிடியுங்கள். காற்று வரும் பக்கத்து விளிம்பைச் சற்றே உயர்த்துங்கள். மட்டை கையை மேலே இழுப்பதை உணர்வீர்கள். இன்னும் அதிகமாக நிமிர்த்துங்கள். மேலே தூக்குவது குறைந்து, மட்டை நடுங்கியபடி பின்னே தள்ளப்படும்.

ஆபத்தான கோணம்

இந்தச் சிறு சோதனையிலேயே பெரும் பாடம் இருக்கிறது. வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணத்தைத் தாக்கு கோணம் என்பர். அது கூடக்கூட உயர்த்தும் விசையும் கூடும். ஆனால் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும் காற்றால் மேற்புறத்தை ஒட்டிச் செல்ல முடியாமல் பிரிந்து சுழலத் தொடங்குகிறது. உயர்த்தும் விசை சரிந்துவிடுகிறது. இதையே ஸ்டோல் என்கின்றனர். இதற்கும் எஞ்சின் நிற்பதற்கும் தொடர்பில்லை.

எயார் பிரான்ஸ் விமானத்துக்கு நேர்ந்தது இதுவே. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்ததால் வேகமானிகள் பிழையாகக் காட்டின. தானியங்கிச் செலுத்தி விலகிக்கொண்டது. விமானத்தைக் கையிலெடுத்த விமானி மூக்கை உயர்த்தினார். ஸ்டோல் எச்சரிக்கை மீண்டும் மீண்டும் ஒலித்தது. ஒரு கட்டத்தில் தாக்கு கோணம் 40 பாகையையும் கடந்தது. சுமார் 38,000 அடி உயரத்திலிருந்து மூன்றரை நிமிடங்களில் அது கடலை அடைந்தது. ஸ்டோலுக்கு மருந்து மூக்கைத் தாழ்த்துவது. விழுகிறோம் என்ற அச்சத்திலோ கை தானாக மூக்கை உயர்த்தவே தேடுகிறது. 1896இல் ஜேர்மனியின் ஒட்டோ லிலியென்தாலின் சறுக்கு விமானம் வீழ்ந்து அவர் உயிரிழந்ததற்கும் ஸ்டோலே காரணம்.

வாலின் மகத்துவம்

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ் இறகுகளால் இறக்கை அமைத்துப் பறக்க முயன்றார் எனவும், இறங்கும்போது முதுகில் காயமடைந்தார் எனவும் வரலாற்றாசிரியர் அல்-மக்கரி பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூல் கூறுகிறது. பறவை இறங்குவது வாலின் துணையோடு என்பதை அவர் கவனிக்கத் தவறினார் என்பது அதில் காணப்படும் விளக்கம்.

இன்றைய விமானத்தின் வாலும் வீண் அலங்காரமல்ல. வாலின் கிடைத்தட்டில் உள்ள அசையும் பகுதி மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவுகிறது. நிமிர்ந்து நிற்கும் பகுதியில் உள்ள சுக்கான் மூக்கை இடம் வலமாகத் திருப்புகிறது. இறக்கை நுனிகளை அண்மித்த எய்லரன்கள் விமானத்தைப் பக்கவாட்டில் சரிக்கின்றன. இந்த மூவகை அசைவையும் ஒருசேர அடக்கியாண்டதே சைக்கிள் வியாபாரிகளான ரைட் சகோதரர்களின் வெற்றி. 1903 டிசம்பர் 17இல் அவர்களது முதற் பறப்பு 12 செக்கன்களே நீடித்தது. கடந்த தூரம் 120 அடி.

யன்னலோரம் அமர்ந்தால்

அடுத்த முறை யன்னலோரம் அமரக் கிடைத்தால் இறக்கையைக் கவனியுங்கள். இறங்கும் வேளையில் அதன் பின்புறத்திலிருந்து பலகை போன்ற பகுதிகள் சத்தத்துடன் வெளியே நீண்டு வளையும். எதுவும் உடைந்துவிடவில்லை. குறைந்த வேகத்திலும் போதிய உயர்த்தும் விசை கிடைக்கவே பிளப் எனும் இவை விரிக்கப்படுகின்றன. காற்றுக் குழப்பத்தில் இறக்கை மேலும் கீழும் ஆடினாலும் பதற வேண்டாம். வளைந்து கொடுக்கும்படியே அது அமைக்கப்பட்டுள்ளது. 1995இல் போயிங் 777 விமானத்தின் இறக்கைகளைப் பரிசோதனைக்காக வளைத்தபோது, பறப்பில் எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமையின் ஒன்றரை மடங்கையும் தாண்டிய பின்னரே, நுனிகள் 24 அடி உயர்ந்த நிலையில் அவை முறிந்தன.

அத்தகைய நேரத்தில் உண்மையான ஆபத்து இருக்கைப் பட்டி அணியாதவருக்கே. கூரையில் மோதிக் காயப்படுவோர் அவர்களே. ஆகவே இருக்கையில் உள்ளவரை பட்டியைக் கழற்றாதீர்கள்; பிள்ளைகளுக்கும் அணிவியுங்கள். மற்றதை இறக்கையும் பயிற்சி பெற்ற விமானியும் பார்த்துக்கொள்வார்கள்.