பால், முட்டை, கிழங்கு: ஒரே வட்டாரத்தில் மூன்று தராசுகள்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் அம்மாப்பேட்டை, உடையாப்பட்டி தாண்டினால் அயோத்தியாப்பட்டணம். வடக்கே குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதை. கிழக்கே காரிப்பட்டி, மின்னாம்பள்ளி, வாழப்பாடி. இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் வாசலில் ஒன்றிரண்டு கறவை மாடும் காட்டில் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியும் இருக்கும். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அதே ஆள்தான் புரட்டாசிக்குப் பிறகு லாரியில் கிழங்கு ஏற்றுகிறார். பால் ஊற்றும்போது அவர் சங்கத்தின் உறுப்பினர், ஓட்டுரிமை உள்ளவர். கிழங்கு ஏற்றும்போது அவர் வெறும் சரக்குக்காரர்; ஆலை வாசலில் சொல்லும் விலைதான் அவருக்கு விலை.

ஒரு வட்டாரத்தின் விவசாயப் பொருளாதாரத்தைப் பலப்படுத்துவது என்றால் புதுப் பயிரும் புது இயந்திரமும் புதுத் திட்டமும்தான் முதலில் பேச்சில் வருகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் பயிரும் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது, நாடு முழுக்கச் சந்தையும் இருக்கிறது. எடை போடுவது யார், தரம் பார்ப்பது யார், விலையைச் சொல்வது யார் என்ற கேள்விதான் இங்கே பாக்கி. பாலுக்கு ஒரு விடை, முட்டைக்கு ஒரு விடை, கிழங்குக்கு ஒரு விடை என்று மூன்று விடைகளை இந்த வட்டாரமே வைத்திருக்கிறது. வியப்பு என்னவென்றால், தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையமான ஆவின், ஜவ்வரிசிக்கான சேகோசர்வ், முட்டைக்கான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு மூன்றுமே 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் பிறந்தவை.

கிழங்கிலிருந்து தொடங்குவோம். மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பஞ்சம் தாங்கும் உணவாகப் பரப்பினார். கேரளத்தில் அது சோற்றுக்கு மாற்று. சேலத்தில் அது ஆலைப் பயிர். இந்த வேறுபாட்டுக்கு இரண்டாம் உலகப்போர் காரணம். அதுவரை இந்தியா தின்ற ஜவ்வரிசி, மலாய்த் தீவுகளில் ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்து கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் வரத்து நின்றது. கேரளத்தோடு வியாபாரத் தொடர்பு வைத்திருந்த சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் இந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, 1943இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டத் தொடங்கினார்கள். நம் பாயசத்தில் இன்று மிதக்கும் ஜவ்வரிசி பனையில் வந்ததல்ல, இந்தச் செம்மண்ணில் விளைந்த கிழங்கு.

கிழங்கை உரித்து, கழுவி, அரைத்து, சலித்தால் மாவுப்பால் வரும். அதைத் தொட்டியில் விட்டால் சில மணி நேரத்தில் மாவு அடியில் படியும். ஈர மாவை உடைத்துக் குலுக்கி உருட்டி, சூடான தட்டில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, சிமெண்ட் களத்தில் வெயிலில் உலர்த்துகிறார்கள். சலித்தபின் மிஞ்சும் சக்கை திப்பி. அது மாட்டுத் தீவனமாகத் திரும்பிப் போகிறது. கழிவுநீரை மூடிய கலனில் தேக்கி எரிவாயு எடுத்து, அதிலேயே ஆலைக்கு வேண்டிய வெப்பத்தையும் மின்சாரத்தையும் பெறும் ஆலைகள் உண்டு. அப்படிச் செய்யாமல் ஓடையில் விட்ட ஆலைகளால் கிணறு கெட்ட கதையும் இந்த மாவட்டத்தில் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தத் தொழிலைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் வயல், ஆலை, திப்பி, மாடு, எரு, மறுபடியும் வயல் என்று ஒரு சுற்று ஐம்பது மைலுக்குள் முடிகிறது. இப்படி ஒரு கட்டமைப்பை ஏங்கித் தேடும் மாவட்டங்கள் பல. இங்கே அது எண்பது ஆண்டுகளாக நடக்கிறது.

அந்தச் சுற்றில் விவசாயியின் பங்கு எங்கே கசிகிறது என்று பார்க்க, ‘பாயிண்ட்’ கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கிழங்கின் விலை வெறும் எடைக்கு இல்லை, அதிலுள்ள மாவுச்சத்துக்கு. மாவு அதிகமிருந்தால் கிழங்கு அடர்த்தியாக இருக்கும். எனவே மாதிரிக் கிழங்கைக் காற்றில் ஒரு தடவை, தண்ணீரில் மூழ்கவைத்து ஒரு தடவை நிறுத்தால் மாவின் அளவை ஓரளவு கணித்துவிடலாம். அந்த எண்தான் பாயிண்ட். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய். அதையே 26 என்று எழுதினால் 7,800. பத்து டன் லாரிக்கு வித்தியாசம் 6,000 ரூபாய். இரண்டு பாயிண்ட் என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. எந்தக் கிழங்கை மாதிரிக்கு எடுத்தார்கள், மண் ஒட்டியிருந்ததா, தராசு சரியா என்பதில் அடங்கியிருக்கிறது. அந்தத் தராசு ஆலைக்குள் இருக்கிறது. ஆலைக்காரர் நேர்மையானவராகவே இருக்கட்டும். வாங்குபவரே தரமும் பார்க்கும் ஏற்பாட்டில், விற்பவர் நம்புவதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை.

சரியில்லை என்றால் ஏற்றிய கிழங்கைத் திருப்பிக்கொண்டு போகலாமே என்று நகரத்தார் கேட்கலாம். முடியாது. மண்ணில் இருக்கும்வரை கிழங்கு பொறுக்கும். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடி மாவு கெட ஆரம்பிக்கும். வாசலில் நிற்கும் லாரி, விலை பேசும் வலுவை இழந்த லாரி. பிடுங்காமல் காத்திருக்கலாம் என்றால் அதற்கும் எல்லை உண்டு: காய்ச்சலுக்குப் பின் மழை பெய்தால் செடி மறுபடி தளிர்விட்டு, சேர்த்து வைத்த மாவையே தின்னும், பாயிண்ட் இறங்கும். தை, மாசியில் ஊன்றியவர்கள் எல்லோருக்கும் பத்தாம் மாதம் ஒன்றாக வருவதால் ஆலை வாசலில் வரிசையும் ஒன்றாக வருகிறது. விலை எப்போது விழும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

இதே வகைச் சிக்கலில் ஒருகாலத்தில் ஆலைக்காரர்களும் இருந்தார்கள். சரக்கை வைக்கக் கிடங்கு இல்லை, வடநாட்டு வியாபாரி சொன்ன விலை, கையில் பணம் இல்லாத அவசரம். அதற்கு மருந்தாக 1981இல் பதிவானதுதான் சேலம் ஸ்டார்ச் மற்றும் ஜவ்வரிசி உற்பத்தியாளர் சேவைத் தொழிற்கூட்டுறவுச் சங்கம், சுருக்கமாக சேகோசர்வ். உறுப்பினர் ஆலைகள் 90 கிலோ மூட்டைகளைக் கொண்டுவந்து கிடங்கில் அடுக்கலாம். மாதிரியைச் சோதித்து, வியாபாரிகளிடம் டெண்டர் கேட்டு விற்கிறார்கள். விற்கும்வரை சரக்கின் பேரில் முன்பணமும் உண்டு. கிடங்கு, சோதனை, திறந்த டெண்டர், முன்பணம் என்ற நான்கும் ஒரு சிறு ஆலைக்காரரை வியாபாரியோடு சமமாக உட்கார வைத்தன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தச் சங்கம் விண்ணப்பித்துத்தான்.

இதில் குறை ஒன்றுதான், ஆனால் அடிப்படையான குறை. சங்கத்தில் ஆலை உறுப்பினர், கிழங்கு விளைவிப்பவர் உறுப்பினர் இல்லை. டெண்டரில் மூட்டை விலை ஏறினால் அது கிழங்கு விலையில் எவ்வளவு, எப்போது இறங்க வேண்டும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. மரவள்ளிக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் கிடையாது. விலை மோசமாக விழும் ஆண்டில் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயி, ஆலை, அரசு என்ற முத்தரப்புக் கூட்டம் கேட்டு மனு கொடுப்பதுதான் விவசாயிக்கு மிஞ்சும் வழி.

பாலில் நடந்தது வேறு. 1946இல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் தொடங்கிய ஏற்பாட்டின் உயிர்நாடி, மாடு வைத்திருப்பவரே பால் பண்ணைக்கும் சொந்தக்காரர் என்பது. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற அந்த மூன்றடுக்கு சேலத்துக்கும் வந்தது. அயோத்தியாப்பட்டணத்துச் சொசைட்டியில் ஊற்றும் பாலின் கொழுப்பும் இதர திடச்சத்தும் ஊரிலேயே அளக்கப்படுகின்றன; அந்த எண்களுக்கு விலை அட்டவணை முன்கூட்டியே தெரியும். ஆவின் மீது பால்காரர்களுக்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. பட்டுவாடா தாமதமாகிறது, விலை போதவில்லை என்று கேனோடு சாலையில் நின்றிருக்கிறார்கள். ஆனால் யாரிடம் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியும்.

முட்டை இன்னொரு வழி. 1982இல் பி.வி. ராவ் முன்னின்று அமைத்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, பண்ணையாளர்களே விலையை அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நாமக்கல் மண்டல விலை இன்று பத்திரிகையிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. டீக்கடையிலும் அது தெரியும். அறிவித்த விலையிலிருந்து வியாபாரிகள் கழிக்கும் ‘மைனஸ்’ பற்றிப் பண்ணையாளர்கள் பல ஆண்டுகளாகக் குமுறுகிறார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் கழிப்பதற்கு முன்னால் ஒரு விலை அனைவர் கண்முன்னும் இருக்கிறது. பள்ளிச் சத்துணவில் முட்டை சேர்ந்ததால் மாநில அரசே நிலையான வாடிக்கையாளராகவும் ஆனது.

ஜவ்வரிசிக்கு அப்படி உள்ளூர் வாடிக்கையாளர் இல்லை. பாயசம், வடகம், அப்பளம் தவிர தமிழ்நாட்டு அடுப்பில் அதற்கு வேலை குறைவு. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசத்தில் விரத நாளில் தானியம் தவிர்ப்பவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி செய்கிறார்கள். சிராவண மாதமும் நவராத்திரியும் சிவராத்திரியும்தான் சேலத்துக் கிடங்கைக் காலி செய்கின்றன. வடக்கே யாரோ நோன்பிருப்பதை நம்பி இங்கே ஒரு மாவட்டம் ஊன்றுகிறது. ஜவ்வரிசியையும் சத்துணவில் சேர்க்கலாமே என்ற யோசனை அவ்வப்போது எழுவதற்கு இதுதான் காரணம். முட்டையோடு அதை ஒப்பிட முடியாது. ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. குழந்தைகளின் தட்டைக் காட்டி ஆலைகளைக் காப்பாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நிலக்கடலையும் பருப்பும் சேர்த்துக் கிச்சடியாக வாரம் ஒரு வேளை கொடுக்கலாம் என்று சத்துணவு வல்லுநர்கள் ஒப்பினால், அது வேறு பேச்சு; அந்தக் கடலையும் இதே சமவெளியில் விளைவதுதான்.

உள்ளூர்ச் சந்தை வளர முதலில் நம்பிக்கை வேண்டும். மரவள்ளி மாவில் மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பது, பளீர் வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பது ஆகிய புகார்கள் புதியவை அல்ல. உணவுப் பாதுகாப்புத் துறை ஆலைகளில் சோதனை போட்டு மூட்டைகளைக் கைப்பற்றிய செய்திகளை சேலத்தார் படித்திருக்கிறார்கள். கலப்படம் வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. கலந்த ஒவ்வொரு மூட்டை சோள மாவும் பிடுங்காமல் நிற்கும் கிழங்கு. ஆகவே இதில் தின்பவரும் விளைவிப்பவரும் ஒரே கட்சி.

பூச்சியை வென்ற கதை ஒன்று இந்த வட்டாரத்துக்கு நல்ல பாடம் வைத்திருக்கிறது. 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கேரளத்தில் தென்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் காடுகளில் செடியின் நுனியைச் சுருட்டிப்போட்டது. 1970களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சி கோடிக்கணக்கானோரின் உணவை அழித்தபோது, ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியின் குழு தென்னமெரிக்காவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து பரப்பியது. அதற்காக 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்த அனாகைரஸ் லோபெசிக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் விஞ்ஞானிகள் வயலில் விட்ட இடம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து இதே சாலையில் கிழக்கே உள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். மருந்தடித்துக் கடன்பட்டவர்களுக்கு இது பெரிய விடுதலை. மரவள்ளியைத் தாக்கும் தேமல் நோய்க்கும் வழி இருக்கிறது: நோயைத் தாங்கும் ரகங்களைத் திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ஆனால் மரவள்ளி விதையால் பெருகுவதில்லை, குச்சித் துண்டான கரணையால் பெருகுகிறது. பக்கத்துக் காட்டில் இலவசமாகக் கிடைக்கும் கரணையோடு நோயும் கூடவே வருகிறது. சுத்தமான கரணையை ஊரிலேயே பெருக்கி விற்கும் சங்கம் ஒன்று ஆய்வகத்துக்கும் வயலுக்கும் நடுவே தேவைப்படுகிறது.

மறுபடியும் சங்கத்திலேயே வந்து நிற்கிறோம். இதற்கு நிர்வாகத்தில் ஒரு காரணம் உண்டு. வயலில் நிற்கும் மரவள்ளி தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு. ஆலைக்குள் போன கணத்தில் தொழில் வணிகத் துறையின் பொறுப்பு. சேகோசர்வ் அந்தத் துறையின் கீழ்தான் இயங்குகிறது. மூட்டையில் கட்டியதும் உணவுப் பாதுகாப்புத் துறை. மூன்று கோப்புகளுக்கும் இடையில் விவசாயியின் பாயிண்டுக்குக் கோப்பு இல்லை.

அந்தக் கோப்பைத் திறக்க முதல் வேலை பெரிய செலவு பிடிக்காதது. ஆலைக்குப் போகும் முன்பே கிழங்கை நிறுத்துப் பாயிண்ட் போட்டுச் சீட்டுத் தரும் பொதுத் தராசு ஒன்றைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க வளாகத்தில் வைக்கலாம். தேவைப்படுவது எடை இயந்திரமும் தண்ணீர்த் தொட்டியும் பழகிய ஒரு ஆளும்தான். இரண்டாவது, சேகோசர்வ் டெண்டர் விலையை முட்டை விலைபோல அன்றன்றைக்கே பாயிண்ட் கணக்காக மாற்றி ஊர்தோறும் தெரிவிக்கலாம். மூன்றாவதுதான் கடினம்: கிழங்கு உற்பத்தியாளர் குழுக்களுக்கு சேகோசர்வில் இடம் தருவது. 2020 முதல் மத்திய அரசின் உதவியோடு உருவாகிவரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அதற்கு வசதியான வடிவம்; தனித்தனி விவசாயியைச் சேர்க்க வேண்டியதில்லை, அவர்களின் நிறுவனத்தைச் சேர்த்தால் போதும். அதற்குச் சங்கத்தின் துணைவிதி மாற வேண்டும். துணைவிதி மாறப் பொதுக்குழுவில் தீர்மானம் வேண்டும். பொதுக்குழுவில் ஓட்டுப் போடுகிறவர்கள் ஆலை உரிமையாளர்கள். அவர்களில் பலர் கிழங்கு விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் தாத்தாக்கள் இதே வாசலில் லாரிக்கு முந்தைய மாட்டுவண்டியோடு காத்திருந்தவர்கள். கேட்டால் பேச்சுக்கு இடம் இருக்கிறது. கேட்பதற்கு, அடுத்த முத்தரப்புக் கூட்டத்தின் பொருள்வரிசையில் இந்த ஆண்டு விலைக்கு மேலே இந்தத் துணைவிதியை முதல் பொருளாக எழுத வேண்டும்.